ஊர் கூடி இழுத்த தேர்

ஓர் ஊரில் உள்ள பொருள்கள் சிலவற்றுக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆற்றங்கரை அரசமரம் யாருடையது? தேரோடும் வீதி யாருடையது? பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கலாம். எவர் பெயரிலும் இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் ஊரார் ஒவ்வொருவரும் அதனைத் தம்முடையது என்றே எண்ணி வாழ்கின்றனர். அந்த எண்ணம் மெய்யா, வெறும் மயக்கமா என்பது பத்திரம் வைத்திருப்பவர் அதனை விற்கத் துணியும் நாளில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரத்துக்கு அத்தகைய நாள் 1956-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. விற்பனைக்கு வந்தது மரமும் அன்று, வீதியும் அன்று. ஒரு பேஸ்பால் அணி. அந்நகர மக்கள் அப்போது செய்த காரியத்தை அறிந்துகொள்வது, சந்தாவாலும் உழைப்பாலும் சங்கங்களைக் கட்டிக் காத்து வரும் நம் போன்றோர்க்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுத முற்படுகிறோம்.

நம்மில் கிரிக்கெட் அறியாதார் இலர். பேஸ்பால் அறிந்தார் மிகச் சிலரே. ஆகவே அந்த ஆட்டத்தைப் பற்றி முதலில் இரண்டொரு சொல் சொல்லிவிடுதல் நலம். ஓர் அணிக்கு 9 பேர். ஒருவர் பந்தை வீச, எதிரணியைச் சேர்ந்தவர் உருண்டை வடிவான மட்டையால் அதை அடிப்பார். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் அடுத்த அணியின் முறை. இவ்வாறு ஒவ்வோர் அணியும் 9 முறை ஆடுவதே 9 இன்னிங்ஸ். அதற்குப் பின்னும் ஓட்டங்கள் சமமாக இருந்தால், ஒருவர் வெல்லும் வரை ஆட்டம் மேலும் மேலும் நீண்டுகொண்டே போகும். இந்த விதியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பேஸ்பால் சங்கங்களில் பெரிய லீக், சிறிய லீக் என்று இரு வகை உண்டு. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் அணிகள் பெரிய லீக்கில் ஆடுகின்றன. அவற்றுக்கு ஆட்டக்காரர்களைப் பயிற்றி அனுப்புவன சிறிய லீக் அணிகள். இவ்விரண்டையும் பிணைத்து ஒரு முறையாக வகுத்தவர் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் சங்கத்தை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர். நாற்றங்காலில் பயிர் வளர்த்து வயலில் நடுவது போன்றதொரு முறையாகையால், அமெரிக்கர்கள் இதற்குப் 'பண்ணை முறை' என்றே பெயரிட்டனர். சிறிய ஊரில் ஒருவன் நன்றாக ஆடினால், ஒரு நாள் மாலை அவனுக்கு உத்தரவு வரும். மறுநாள் அவன் பெரிய அணியில் இருப்பான். அவனைக் கண்டு மகிழ்ந்து, அவன் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊரார் வெறுங்கையோடு நிற்பார்கள். மாற்றல் உத்தரவு என்பது இன்னதென்று இருப்புப்பாதை ஊழியர்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சிறிய லீக் அணியின் வாழ்வு முழுவதும் அத்தகைய உத்தரவுகளால் ஆனது.

ராச்செஸ்டர் நகரம் ஒன்டாரியோ ஏரிக்கு அருகே, ஜெனசீ ஆற்றின் கரையில் அமைந்தது. முற்காலத்தில் மாவு ஆலைகளால் பெயர் பெற்றது. பின்னர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தொடங்கிய கோடக் நிறுவனத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. நம் வீட்டுப் பழைய புகைப்படங்கள் பலவற்றின் பிலிம் சுருள் அந்தக் கம்பெனி செய்ததாகவே இருக்கும். அவ்வூரில் தொழில்முறைப் பேஸ்பால் 1877-ஆம் ஆண்டு முதற்கொண்டே ஆடப்பட்டு வந்தது. 1928-இல் கார்டினல்ஸ் சங்கத்தார் ராச்செஸ்டரின் அணியை விலைக்கு வாங்கித் தம் பண்ணையில் சேர்த்துக்கொண்டனர். 'ரெட் விங்ஸ்', அதாவது சிவப்புச் சிறகுகள் என்ற பெயர் அப்போது வந்தது. மறு ஆண்டே நார்ட்டன் வீதியில் புதிய அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது.

தொடக்கமே வெற்றியாக அமைந்தது. இன்டர்நேஷனல் லீக் எனப்படும் அந்தப் போட்டியில் 1928 முதல் 1931 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ரெட் விங்ஸ் முதலிடம் பெற்றது. 1941-இல் ஸ்டான் மியூசியல் என்னும் இளைஞர் சில காலம் இங்கே ஆடினார். அதே ஆண்டில் பெரிய லீக்குக்கு அழைக்கப்பட்டு, பிற்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். ஊரார் தம் பிள்ளை ஒருவன் பெரிய உத்தியோகத்துக்குப் போனதாகவே பெருமை கொண்டனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் காலம் மாறியது. 1949-இல் அமெரிக்காவில் 59 சிறிய லீக்குகள் நடந்தன. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் அவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. மாநகர அணிகளின் ஆட்டத்தை வீட்டுக் கூடத்திலேயே காட்டும் தொலைக்காட்சி வந்தது. மக்கள் நகரின் நடுப்பகுதியை விட்டுப் புறநகர்களுக்குக் குடி பெயர்ந்தனர். மாலையானால் அரங்கத்துக்கு நடந்து செல்லும் வழக்கம் தேய்ந்தது. ஊருக்கு ஊர் அணிகள் கலைந்தன; அரங்கங்களில் புல் முளைத்தது.

ராச்செஸ்டர் அணியோ அப்போதும் வென்றுகொண்டிருந்தது. லீக்கின் இறுதிப் பரிசாகிய கவர்னர்ஸ் கோப்பையை 1955-லும் 1956-லும் அடுத்தடுத்து வென்றது. ஆனால் 1956-ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபின், அணியையும் அரங்கத்தையும் விற்றுவிடுவதெனக் கார்டினல்ஸ் சங்கத்தார் முடிவு செய்தனர். கோப்பை வேறு, கணக்குப் புத்தகம் வேறு அன்றோ? கோப்பை கையில் இருந்தும் அணி கைநழுவிப் போகும் நிலை வந்தது. வெளியூரார் எவரேனும் வாங்கினால் அணியைத் தம் ஊருக்கே கொண்டு போய்விடலாம். எவரும் வாங்காவிட்டால் அது கலைந்தே போகலாம்.

அவ்வேளையில் மாரி சில்வர் என்னும் உள்ளூர் வணிகர் முன்வந்தார். அணியை நகர மக்களே வாங்கிக்கொள்வது என்பது அவர் முன்வைத்த யோசனை. இதற்கென ஒரு கம்பெனி அமைக்கப்பட்டது. 'ராச்செஸ்டர் சமூகப் பேஸ்பால் கம்பெனி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பங்கு ஒன்றின் விலை 10 டாலர். அந்நாளில் அமெரிக்க அரசு விதித்திருந்த குறைந்த அளவுக் கூலி மணிக்கு 1 டாலர். ஆகவே ஒரு பங்கின் விலை, கடைநிலைத் தொழிலாளி ஒருவரின் பத்து மணி நேர வியர்வை. பிரபுக்கள் மட்டும் வாங்கக்கூடிய விலையன்று; யோசியாமல் தூக்கிக் கொடுக்கக்கூடிய தொகையும் அன்று.

பங்கு விற்பனை 72 நாள் நடந்தது. 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கணக்கை முடித்தபோது, 8,222 பேர் பங்குதாரர்களாகியிருந்தனர். திரண்ட தொகை 5 லட்சம் டாலருக்கு மேல். அணியும் அரங்கமும் ஊராரின் உடைமையாயின. இன்றளவும் அந்நகரத்தார் அதனை '72 நாள் அற்புதம்' என்றே குறிப்பிடுகின்றனர்.

கணக்கெழுதிப் பழகிய கையோடு நாம் இத்தொகையை வகுத்துப் பார்த்தோம். ஆளுக்குச் சராசரி 60 டாலருக்குச் சற்று மேல் வருகிறது. பெருந்தொகை இட்டோரும் இருந்திருப்பர். ஆயினும் எட்டாயிரம் பெயர்கள் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டுமானால், எட்டாயிரம் முறை ஒருவர் மற்றொருவரிடம் சென்று கேட்டிருக்க வேண்டும். எட்டாயிரம் ரசீதுகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். வீடு வீடாகச் சென்று சந்தா திரட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். அற்புதம் என்று அவர்கள் பெயரிட்டார்கள். உண்மையில் அது நடந்து தேய்ந்த செருப்புகளின் வெற்றி.

கம்பெனியின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற பிராங்க் ஹார்ட்டன், பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். கார்டினல்ஸ் சங்கத்தோடு கொண்ட ஆட்டக்காரர் உடன்படிக்கை 1960 வரை நீடித்தது. அது முடிந்ததும், பால்டிமோர் ஓரியோல்ஸ் சங்கத்தோடு புதிய உடன்படிக்கை 1961-இல் தொடங்கியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஊரார் வாங்கியது அணியின் பெயரையும் இடத்தையும் அரங்கத்தையுமே, ஆட்டக்காரர்களை அன்று. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் மாற்றலும் தரும் உரிமை பெரிய சங்கத்திடமே இருந்தது. ஆகவே யார் வருவார், யார் போவார் என்பது ஊரார் கையில் இல்லை. வருவோர்க்கும் போவோர்க்கும் ஒரு வீடு நிலைத்திருப்பது மட்டும் அவர்கள் கையில் இருந்தது.

அந்த வீட்டுக்கு வந்து தங்கியவர்களுள் ஊரார் நெஞ்சில் நிலைத்தவர் லூக் ஈஸ்டர். கறுப்பின மக்களைப் பெரிய லீக் அணிகள் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் இளமையைக் கழித்தவர் அவர். ஜாக்கி ராபின்சன் 1947-இல் அந்தத் தடையை உடைத்தபின், 1949-இல் கிளீவ்லாந்து அணியில் சேர்ந்தபோது ஈஸ்டருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அங்கிருந்து இறங்கி, பபலோ நகரில் ஆடி, 1959-இல் ராச்செஸ்டருக்கு வந்தார். மற்றவர்கள் ஓய்வு பெற்றுவிடும் வயதில் இங்கே 1964 வரை ஆடினார். பெரிய உருவம், பெரிய அடி, பெரிய சிரிப்பு. அவர் அணிந்த 36 என்னும் எண்ணை வேறு எவருக்கும் தருவதில்லை என்று ரெட் விங்ஸ் பின்னாளில் விதித்துக்கொண்டது. ஆட்டத்தை விட்டபின் ஓஹையோ மாநிலத்தில் ஓர் ஆலையில் தொழிற்சங்கப் பொறுப்பாளராக வேலை பார்த்தார். 1979-இல், உடன் உழைப்போரின் சம்பளக் காசோலைகளை வங்கியில் மாற்றிப் பணத்தோடு வெளியே வந்தபோது கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஈஸ்டர் வந்த அதே 1959-ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் அணி ஒரு பேராபத்திலிருந்து தப்பியது. அந்நாளில் கியூபாவின் தலைநகரான ஹவானாவிலும் இன்டர்நேஷனல் லீக் அணி ஒன்று இருந்தது. 'சுகர் கிங்ஸ்' என்று பெயர். புரட்சி வென்று ஏழு மாதமே ஆகியிருந்தது. ஜூலை 25-ஆம் நாள் இரவு ரெட் விங்ஸ் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்து ஜூலை 26 பிறந்ததும், அது புரட்சி இயக்கத்தின் திருநாளாகையால், மக்கள் மகிழ்ச்சிப் பெருக்கில் வானத்தை நோக்கித் துப்பாக்கிகளை வெடித்தனர். ஆட்டம் பின்னும் நடந்தது. சிதறி வந்த குண்டுகளில் ஒன்று, களத்தோரம் நின்ற ராச்செஸ்டரின் பிராங்க் வெர்டி என்பவரின் தலையில் பட்டது. தொப்பிக்குள் வைத்திருந்த கெட்டித் தகடு அவர் உயிரைக் காத்தது. ஹவானா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் தோளிலும் காயம் பட்டது. ஆட்டம் அத்துடன் நின்றது. ரெட் விங்ஸ் ஊர் திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே, சுகர் கிங்ஸ் அணியை ஹவானாவிலிருந்து எடுத்து அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். ஹவானாவின் ரசிகர்களை எவரும் கேட்கவில்லை.

ராச்செஸ்டரில் வாழ்வு ஏற்ற இறக்கத்தோடு சென்றது. 1968-இல் நார்ட்டன் வீதி அரங்கத்துக்குச் 'சில்வர் ஸ்டேடியம்' எனப் பெயரிட்டு மாரி சில்வருக்கு ஊரார் நன்றி செலுத்தினர். 1971-இல் ஜோ அல்டோபெல்லி என்பவரின் தலைமையில் அணி கவர்னர்ஸ் கோப்பையை வென்றதோடு, இளைய உலகத் தொடர் எனப்பட்ட போட்டியில் டென்வர் நகர அணியையும் வென்றது. டென்வர் அரங்கத்தை அவ்வேளையில் கால்பந்தாட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டமையால், ஏழு ஆட்டங்களும் ராச்செஸ்டரிலேயே நடந்தன. பங்குதாரர்களுக்கு அதைவிடப் பெரிய ஊதியம் வேறு என்ன வேண்டும்?

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன விதி இப்போது வேலைக்கு வருகிறது. 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இரவு, ரோடு ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் என்னும் ஆலை நகரில், பாட்டக்கெட் ரெட் சாக்ஸ் அணியோடு ரெட் விங்ஸ் மோதியது. கொடுங்குளிர். 9 இன்னிங்ஸ் முடிவில் 1-1. 21-ஆம் இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஓர் ஓட்டம் எடுத்தது; பாட்டக்கெட்டும் உடனே ஓர் ஓட்டம் எடுத்துச் சமன் செய்துவிட்டது. உடைந்த மட்டைகளை எரித்து ஆட்டக்காரர்கள் குளிர் காய்ந்தனர். ராச்செஸ்டரின் டேவ் ஹப்பர்ட் 31 இன்னிங்ஸ் குத்துக்காலிட்டுப் பந்து பிடித்தார். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் உத்தரவின்பேரில் ஆட்டத்தை நிறுத்தியபோது விடியற்காலை மணி 4.07, 32 இன்னிங்ஸ் முடிந்திருந்தது, அன்று ஈஸ்டர் ஞாயிறு. தொடக்கத்தில் இருந்த 1,740 பேரில் எஞ்சி அமர்ந்திருந்தோர் 19 பேர்.

ஜூன் 23-ஆம் நாள் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. பதினெட்டே நிமிடத்தில், 33-ஆம் இன்னிங்ஸில், டேவ் கோசா அடித்த அடியால் பாட்டக்கெட் 3-2 என்ற கணக்கில் வென்றது. மொத்தம் 8 மணி 25 நிமிடம். தொழில்முறைப் பேஸ்பாலில் இதனினும் நீண்ட ஆட்டம் நடந்ததில்லை. அன்று ராச்செஸ்டருக்காக ஆடிய கால் ரிப்கென், பிற்காலத்தில் பெரிய லீக்கில் இடைவிடாது 2,632 ஆட்டங்கள் ஆடிச் சாதனை படைத்தார். பாட்டக்கெட்டில் ஆடிய வேட் பாக்சும் புகழின் உச்சியை எட்டினார். ஆனால் 13 முறை மட்டை பிடித்து ஒருமுறையேனும் வெற்றி காணாத ராச்செஸ்டரின் டல்லாஸ் வில்லியம்சும் அதே இரவில் அதே குளிரில் நின்றவரே. சிறிய லீக்கின் வரலாறு இருவருக்கும் இடம் தருகிறது.

அந்த இரவில் எதிரெதிரே நின்ற இரண்டு அணிகளும் பின்னர் அடைந்த நிலையை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பாட்டக்கெட் அணியை 1977-இல் பென் மாண்டர் என்னும் நல்லவர் வாங்கி, மூழ்கும் நிலையிலிருந்து காத்துச் செழிக்கச் செய்தார். ஊரார் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் 2010-இல் அவர் காலமானார். 2015-இல் அணி ஒரு முதலீட்டாளர் குழுவுக்கு விற்கப்பட்டது. புதிய அரங்கம் பற்றிய பேச்சுகள் முறிந்தன. 2021 முதல் அந்த அணி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் ஆடிவருகிறது. நல்லவர் ஒருவர் உள்ளவரை எல்லாம் நன்றாகவே இருந்தது; அவருக்குப்பின் பத்திரம் பேசியது.

ராச்செஸ்டரில் ரெட் விங்ஸ் 1997-இல் நகரின் நடுவே கட்டப்பட்ட புதிய அரங்கத்துக்கு மாறியது. அந்த ஆண்டே கவர்னர்ஸ் கோப்பையையும் வென்றது. அங்கிருந்து பார்த்தால் கோடக் கம்பெனியின் தலைமையகக் கோபுரம் தெரியும். அந்தக் கோடக் நிறுவனமே 2012-இல் கடன் தாங்காமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 1950-இல் 3 லட்சத்து 32 ஆயிரமாக இருந்த நகர மக்கள் தொகை 2020-இல் 2 லட்சத்து 11 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. பால்டிமோர் உறவு 2002-இல் முடிந்தது. 2003 முதல் 2020 வரை மின்னசோட்டா ட்வின்ஸ். 2021 முதல் வாஷிங்டன் நேஷனல்ஸ். கொரோனாத் தொற்றால் 2020-இல் சிறிய லீக்குகளில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அடுத்த ஆண்டு பெரிய லீக்கார் தம் பண்ணை அணிகளை 120 ஆகச் சுருக்கியபோது நாற்பதுக்கு மேற்பட்ட அணிகள் இடம் இழந்தன. ரெட் விங்ஸ் நின்றது. மாரி சில்வரின் மகள் நவோமி சில்வர் பல ஆண்டுகள் அதன் நிர்வாகத்துக்குத் தலைமை தாங்கி வந்திருக்கிறார்.

இவற்றைக் கொண்டு, பங்கு விற்றுவிட்டால் போதும், எந்த நிறுவனமும் சிரஞ்சீவியாகிவிடும் என்று சொல்ல நாம் துணியோம். பக்கத்து நகரமாகிய சிரக்யூசிலும் 1961 முதல் ஊரார் பங்கு சேர்த்து அணி நடத்தினர். அங்கே வருமானம் குன்றியது. 2017-இல் பங்குதாரர்களே வாக்களித்து அணியை நியூயார்க் மெட்ஸ் சங்கத்துக்கு விற்றுவிட்டனர். பங்குப் பத்திரம் தேரின் வடம் போன்றது. வடம் இருந்தால் மட்டும் தேர் நகர்வதில்லை. ஆண்டுதோறும் அதைப் பிடித்து இழுக்கும் கைகள் வேண்டும். ஆனால் விற்பதா, காப்பதா என்று முடிவு செய்யும் உரிமை சிரக்யூஸ் மக்களிடம் இருந்தது. ஹவானா ரசிகருக்கும் பாட்டக்கெட் ரசிகருக்கும் அந்த உரிமையும் இல்லை. அன்பு இருந்தது, வாக்கு இல்லை.

நாம் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். இன்று இங்கே, நாளை எங்கே என்று உறுதியாகச் சொல்ல இயலாதவர்கள். நம் சங்கத்தில் ஒருவர் செயலாளராகிச் சிறப்பாகப் பணியாற்றத் தொடங்கும்போதே அவருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. தமிழ் வகுப்பில் பாடம் நடத்தியவர் போகிறார்; புதியவர் வருகிறார். ராச்செஸ்டர் மக்களும் பல்லாண்டுகளாக இதையே கண்டு வந்தவர்கள். ஆட்களைப் பிடித்து நிறுத்த அவர்கள் முயலவில்லை. வருகிறவர்களுக்கு ஓர் இடத்தை நிறுத்தி வைத்தார்கள்.

1957-இல் பங்கு வாங்கிய 8,222 பேரில் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்கள் கைதட்டிய ஆட்டக்காரர்களும் இல்லை. நார்ட்டன் வீதி அரங்கமும் இல்லை. சங்கம் இருக்கிறது. வசந்தம் வந்தால் ராச்செஸ்டரில் பந்து வீசப்படுகிறது. நம் சங்கத்தின் சந்தாப் புத்தகம் அடுத்த முறை நம் வீட்டு வாசலுக்கு வரும்போது, தொகை சிறிது என்று கூச வேண்டா. பெரிய மனிதர் எவரேனும் பார்த்துக்கொள்வார் என்று வாளாவிருக்கவும் வேண்டா. பெயரை எழுதி, ரசீதைக் கேட்டு வாங்கி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் தவறாமல் வந்து சேர்வோமாக.